வட்டி கேளாத ஆள்

“வட்டிக்குக் குடுக்கிற செட்டியாரும் வேண்டாம், மலாயாப் பென்சனியரும் வேண்டாமெண்டால் நான் ஆரைத் தம்பி பிடிச்சுக்கொண்டு வாறது?” தரகர் கந்தப்பு கத்தினார்.

“வட்டி கேளாத, நெருக்காத, நம்பிக்கையான ஆளாய்ப் பாருங்கோ அண்ணை!” மார்க்கண்டர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

கேட்க நினையாத அயல்வீட்டு எங்களுக்கும் கேட்டது. சுன்னாகம் ரயில் ஸ்டேசனடிக் காணியில் மார்க்கண்டருக்குக் கண். வெறும் பற்றைக் காட்டுக்குள் நின்று, விளக்கெரியும் கடை வரிசை தெரிவதுபோலச் சிரித்துக்கொண்டிருப்பார். வாங்கத்தான் காசில்லை.

மறு கிழமை கந்தப்பு வந்தார். “தெல்லிப்பழையிலை ஒராள் இருக்கு. காணியை அவையே வாங்குவினம். உறுதிப் பத்திரம் அவையின்ரை பேரிலை. நீர் சாகுமட்டும் அனுபவிக்கலாம். வட்டியே இல்லை.”

மார்க்கண்டர் கந்தப்புவோடு தெல்லிப்பழைக்கு மிதந்துகொண்டே போனார். அந்த வீட்டுப் பெரியவரிடம், காணிக்காரரிடம் வாங்கிவந்த உறுதியை நீட்டினார்.

“இதேன் தம்பி? சாதகத்தைத் தாரும்.”

கந்தப்பு கலியாணத் தரகரும்தான் என்பது மார்க்கண்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“நீர் சொன்ன குணமெல்லாம் பெண்சாதிக்குத்தானே பொருந்துது!” என்று கந்தப்பு காதுக்குள் குசுகுசுத்தார்.

ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை தெல்லிப்பழைக்கே குடிபோனார். காணி மனைவி இரத்தினம்மாவின் சீதனம், கடைகளும் எழும்பிவிட்டன. வாடகை வாங்குவது அவள். அவர் இப்போது பக்கத்துக் காணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாராம்.