மணி அடிக்கிற சீன்

அந்த சீன் வரவே இல்லை. லீடருக்கு முகம் சுண்டிவிட்டது.

லீடர் என்றால் கட்சித் தலைவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குத் தலைவர். இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். அதே பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்த வக்கீல், பல் டாக்டர், ரேடியோ மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு ஹாலில் கூடியிருந்தார்கள். எண்பதுகளில் வந்த ஒரு கல்லூரிக் காமெடிப் படம். அந்தக் காலத்தில் வகுப்பைக் கட் அடித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தது. தலையில் முடி கொட்டிய பிறகு இன்னொரு தடவை பார்ப்பதாக ஏற்பாடு.

படத்தைக் கொண்டுவந்தது ரேடியோ. பழைய வீடியோ கேசட்டுகளைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது அவருக்குத் தொழில். எங்கெங்கோ அலைந்து கேசட்டைப் பிடித்து, கோடு விழுந்த இடமெல்லாம் சரிசெய்து, பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

ரேடியோ என்ற பேரே அந்தப் படம் போட்ட பிச்சைதான். அதில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் வருவான். அவன் பட்டப்பேர் ரேடியோ. முதல் நாள் வகுப்பில் வாத்தியார் அவன் பேரைக் கேட்பார். எழுந்து நின்று சொல்ல ஆரம்பிப்பான். சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்து வகுப்பே கலைந்துவிடும். தியேட்டர் அதிரும். படம் பார்த்த மறுநாளே லீடர், தன் வகுப்பில் திக்கிப் பேசியவனுக்கு அந்தப் பேரை வைத்துவிட்டார். இன்று இந்த ரேடியோ ஒவ்வொரு வார்த்தையாக நின்று நிதானித்துப் பேசிச் சமாளித்துவிடுகிறார். பேர் மட்டும் போகவில்லை.

படம் ஆரம்பித்ததும் லீடரின் மகள் டீ கொண்டுவந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். ரொம்ப நாள் கழித்து வந்திருந்த வக்கீல், "பேர் என்னம்மா?" என்றார். அவள் வாய் திறப்பதற்குள் லீடரே பேரைச் சொன்னார். எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டதற்கும் அவரேதான் பதில். ரொம்பக் கூச்ச சுபாவம் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் போகவில்லை. தரையில் உட்கார்ந்து அவளும் படம் பார்த்தாள். பெரியவர்கள் சிரித்தபோதெல்லாம் கூடவே சிரித்தாள்.

திரையில் வாத்தியார் வகுப்புக்குள் வந்தார். லீடர் சோபா நுனிக்கு வந்துவிட்டார். அடுத்த நொடி எல்லோரும் கேன்டீனில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் வாத்தியார், உடனே கேன்டீன். கேசட் கெட்டுப்போயிருக்கும் என்றார் டாக்டர்.

"கேசட்ல இருந்துச்சு" என்றார் ரேடியோ. "நான்தான் வெட்டிட்டேன்."

லீடருக்குச் சுருக்கென்றது. விளையாட்டாக வைத்த பேர். இவன் கல்யாணத்தில் பந்தல் போட்டதிலிருந்து பாத்திரம் எண்ணி வைத்ததுவரை ஓடியாடியது யார்? அத்தனையும் மறந்துபோய் ஒரு பட்டப்பேர் மட்டும் நெஞ்சில் நிற்கிறதா?

"இத்தனை வருஷமா இதை மனசுல வச்சிக்கிட்டுதான் என்கூடப் பழகினியா?" என்று கேட்டார்.

ரேடியோ பதில் சொல்ல வாயெடுத்தார். தரைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் பேசிக்கொள்ளலாம், படத்தைப் போடு என்றார்.

லீடர் விடுவதாக இல்லை. "நீ வெட்டிட்டா ஆச்சா? எனக்குத்தான் மனப்பாடமாச்சே" என்று எழுந்து ஹால் நடுவில் நின்றார். தோளைக் குறுக்கினார். கண்ணைச் செருகினார். கழுத்து நரம்பு புடைக்க, அந்தப் பையன் தன் பேரைச் சொல்லப் படுகிற பாட்டை அப்படியே நடித்துக் காட்டினார். கடைசியில் டம்ளரை ஸ்பூனால் தட்டி மணியும் அடித்தார். டாக்டருக்கும் வக்கீலுக்கும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

மகள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரேடியோ கோபப்படவில்லை. எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார்.

போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் லீடருக்கு உறைத்தது. வாசல்வரை ஓடினார்.

"தப்புதான்டா. உனக்கு இவ்வளவு வலிக்கும்னு நினைக்கல."

ரேடியோ வண்டிச் சாவியைத் திருப்பாமல் நின்றார். "எனக்கு எப்பவோ பழகிப்போச்சு. அந்த சீன் வந்தா நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்."

"பின்ன எதுக்கு வெட்டின?"

"போன வாரம் உன் வீட்டுக்குப் போன் பண்ணேன். பொண்ணு எடுத்தா. யாரும்மா பேசுறது, பேரைச் சொல்லுன்னு கேட்டேன்." அடுத்த வார்த்தைக்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "சொல்லி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரமாச்சு. என்னை மாதிரியே. நான் காத்துக்கிட்டிருந்தேன். சொல்லிட்டா. அப்பாவுக்குப் பிடிச்ச படம், நானும் பார்க்கப்போறேன் அங்கிள்னா."

அவளுக்குக் கூச்சம் என்று சொல்ல வந்தார் லீடர். திரும்பிப் பார்த்தார். மகளின் அறை ஜன்னல் சாத்தியிருந்தது.

"படத்துல இருந்து எடுத்துட்டாப் போதும்னு நினைச்சேன்டா" என்றார் ரேடியோ. "நீயே எழுந்து நடிச்சுக் காட்டுவேன்னு எனக்குத் தோணல."