மொட்டை எழுத்து

"ரெண்டும் ஒங்கட சரக்குத்தானே மொதலாளி?"

கடுகண்ணாவைக் கடைக்காரர் இரண்டு கோப்பித்தூள் பக்கட்டுகளை அருகருகே வைத்தார். கோப்பித்தூள் வியாபாரி ஜவாஹிர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பச்சைப் பக்கட் அவருடையது. சிவப்புப் பக்கட்டை அவர் அன்றுதான் பார்க்கிறார். நிறம் மட்டுந்தான் வேறு. மேலே இருந்த இங்கிலீஸ் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது.

"இத யாரு கொண்டாந்து போட்டது?"

"ஒங்கட மச்சினன் பாரூக்தான். ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?"

பாரூக், மனைவி றமீஸாவின் தம்பி. தகப்பன் மௌத்தான பிறகு ஜவாஹிர்தான் அவனைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிவந்து, கண்டியில் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அந்த வீட்டில் அந்தப் பாஷை படித்தவன் அவன் ஒருவன்தான். போன பெருநாள் கழிந்த கையோடு, "தனியா ஒரு யாவாரம் பாக்கப் போறன் மச்சான்" என்று வந்து நின்றான். மனம் நிறைய துஆச் செய்துதான் அவனை அனுப்பிவைத்தார்.

அவன் பார்க்கப் போன வியாபாரம் இதுதானா?

கண்டிக்குத் திரும்பும் ரயிலில் இரண்டு பக்கட்டுகளும் அவர் மடியில் கிடந்தன. அந்த எழுத்தைக் கண்டெடுத்ததே அவர்தான். மற்ற வியாபாரிகளின் எழுத்துகளுக்குக் காலும் வாலும் கொடியும் பூவும் இருக்கும். எழுத்து வரையும் கிறகரி சீமையிலிருந்து தருவித்த மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டியபோது, ஒரு பக்கத்தில் ஜவாஹிரின் விரல் போய் நின்றது. எந்தச் சோடனையும் இல்லை. எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. வட்டமென்றால் முழு வட்டம்.

"ரொம்ப மொட்டையா இருக்கே மொதலாளி" என்று கிறகரியே தயங்கினார்.

"அதுதான் வேணும். தூரத்துல நின்டு பாத்தாலும் பளிச்சென்டு தெரியணும். என்ட பேர இதுல போடுங்க."

சொல்லிவிட்டு அவர் கோப்பிக்கொட்டை பார்க்கப் போய்விட்டார். பெயரை இங்கிலீஸில் எழுதிக் கொடுப்பது உட்பட மிச்சத்தைப் பாரூக் கவனித்துக்கொண்டான்.

பக்கட் அச்சாகி வந்த அன்று, பெயரின் நடுவில் ஒட்டி நின்ற இரண்டு வட்டங்களை ஜவாஹிர் ஆசையோடு தடவிப் பார்த்தார். நிறையக் கோப்பி ஊற்றிய இரண்டு கோப்பைகளை மேலிருந்து பார்ப்பது போலிருந்தது. தோட்டத்துச் சனங்களுக்கு இங்கிலீஸ் ஏது? "மொட்டை எழுத்துக் கோப்பி குடுங்க" என்றுதான் கடைகளில் கேட்டு வாங்கினார்கள். வேறு எந்தக் கோப்பியைக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்தார்கள்.

கண்டியில் ரயிலை விட்டு இறங்கியதும் கிறகரியின் பட்டறைக்குள் அவர் செருப்போடு நுழைந்தார். ஒரு கடைப் பலகைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த கிறகரி, தூரிகையை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். ஜவாஹிர் உட்காரவில்லை.

"இந்த எழுத்த வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்டு மாதா மேல சத்தியம் பண்ணினீங்களே கிறகரி!"

"நான் யாருக்கும் வரைஞ்சு குடுக்கலீங்களே!" கிறகரி சிவப்புப் பக்கட்டை வாங்கிப் பார்த்தார். "ஓ, இதுவா? பாரூக் தம்பி வந்து பழைய அச்சுக்கட்டையக் கேட்டாரு. எடுத்துக் குடுத்தேன்."

"அவன் கேட்டா குடுத்துர்றதா?"

"அவரு கேக்கும்போது எப்படிங்க இல்லேன்னு சொல்றது?"

றமீஸாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஜவாஹிருக்குத் தெரியவில்லை.

"நான் தூக்கி வளத்தவன் கிறகரி. என்ட வீட்டுச் சோறு திண்டவன். கடையக் கேட்டிருந்தாக் கடையக் குடுத்திருப்பன். எனக்கு வேற யாரு இரிக்கா? இப்ப என்ட பேரையே களவெடுத்துப் போட்டு, என்ட கடைகளுக்கே கொண்டுபோய் விக்கிறானே!"

கிறகரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவப்புப் பக்கட்டைப் பார்த்தார், பச்சைப் பக்கட்டைப் பார்த்தார். பிறகு எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்தார். பச்சைப் பக்கட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"மொதலாளி... ஆரம்பத்துல இருந்தே இதுல பாரூக்னுதானே எழுதியிருக்கு?"