வெறுங்கால்

முன் பெஞ்சுக்காரர்கள் செருப்புகளைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தார்கள். திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க வெறுங்காலோடு பீடத்துக்குப் போனார்கள்.

இன்னும் இரண்டு பெஞ்சு. பிறகு அவள் முறை.

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். கறுப்பு ரப்பர் செருப்பு. சர்க்கரை நோய்க்காரர்களுக்கென்று அளவெடுத்துச் செய்தது. இடது காலில் விரல்களை எடுத்த டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது. இன்னொரு புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே கால் இருக்காது.

கழற்றினால் கால் போகும். கழற்றாவிட்டால் பீடம் இல்லை.

அந்தச் சபையில் இந்தச் சட்டத்தை அவளைப்போலக் காத்தவர் யாருமில்லை. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளி டீச்சர். பீடத்தின் படியருகே நின்று எல்லோர் காலையும் கவனிக்கும் வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். எரிகிற முட்செடியின் முன்னால் மோசே செருப்பைக் கழற்றிய கதையை மூச்சுவிடாமல் சொல்வாள். அது பரிசுத்த பூமி என்பாள்.

இன்றைக்குப் போதகர் கிணற்றடிக் கதையை எடுத்திருந்தார். கடவுளைத் தொழ இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம் என்று இயேசு ஒரு பெண்ணிடம் சொன்னது.

அதுவும் அவளுக்கு மனப்பாடம்தான். இரண்டையும் வேறு வேறு வாரங்களில் நடத்தியிருக்கிறாள். ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க விட்டதில்லை.

இன்று நின்றன.

எது சரி என்று தேடினாள். வசனம் எதுவும் வரவில்லை. ராகேல்தான் நினைவுக்கு வந்தாள்.

தொழுநோய் குணமாகி ஊருக்குத் திரும்பியவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரிக் கறுப்புச் செருப்போடு பீடத்தின் படிவரை வந்தாள். கழற்றக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னாள்.

டீச்சர் மோசேயைச் சொன்னாள்.

ராகேல் கழற்றினாள்.

மரத்துப்போன காலில் என்ன குத்தியதென்று அவளுக்கே தெரியவில்லை. அவள் போன பிறகு படியில் ரத்தம் இருந்தது. டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தாள். பீடம் தீட்டாகிவிட்டதே என்ற கவலைதான் அன்றைக்கு இருந்தது.

அதன் பிறகு ராகேல் கடைசி பெஞ்சைத் தாண்டி வரவே இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

டீச்சருடைய பெஞ்சு எழுந்தது.

அவளும் எழுந்தாள். பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். செருப்போடு, நடுவழியில், வாசல் பக்கமாக நடந்தாள். சபையே தலையைத் திருப்பியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசி பெஞ்சின் முன் நின்றாள்.

ராகேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எத்தன வெரலு போச்சு டீச்சர்?"

"ரெண்டு."

ராகேல் பக்கத்திலிருந்த வேதப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.