இரண்டாவது தட்டு

ஓவன் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது கருகிய துணியின் வாடை.

பன் தட்டின் மேல் அவள் போர்த்தியிருந்த ஈரத்துணி ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. அதன் அடியில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்கியிருந்த மாவு உருண்டைகள், மேலே தோல் தடித்து, உள்ளே பச்சையாக, உப்பவும் இல்லாமல் வேகவும் இல்லாமல் நடுவழியில் நின்றுவிட்டிருந்தன.

ஓவனை அவள் போடவில்லை. மாவு உப்புவதற்குக் கதகதப்பான இடம் வேண்டுமே என்று, போடாத ஓவனுக்குள் தட்டையும் பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீரையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மாடிக்குத் துணி உலர்த்தப் போயிருந்தாள். வீட்டில் மாமனாரைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஓவனின் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. குமிழில் உள்ள எண்களைப் படிக்கப் போட்டு, படித்ததும் கழற்றி, வழக்கம்போல் மறந்துவிட்டுப் போன கண்ணாடி.

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

தனியாக இருந்த வீட்டில், பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவர் கண்ணயர்ந்ததும், சன்னல் திரை எரிந்ததும், மகன் ஓடிப்போய் அழைத்துவந்ததும் சென்ற மழைக்காலத்தில். அன்றிலிருந்து அவர் இந்த வீட்டுச் சமையலறையின் நிலைப்படியைத் தாண்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அங்கேயே நின்று கேட்பார்.

இன்று காலையில்கூட அவள் கணவன் தலை வாரிக்கொண்டே, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "இன்னொரு தடவை அடுப்புல ஏதாவது ஆச்சுன்னா, அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்த்துட வேண்டியதுதான். எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

அவனுடைய தாழ்ந்த குரல் தெருமுனை வரை கேட்கும்.

அவள் பேச்சை மாற்றினாள். "ராத்திரிக்குப் பன் பண்றேன். ஓவன் முன்னாடியே நல்லா சூடாகியிருக்கணும். இல்லேன்னா பன்னு கல்லாயிடும், மாமாவோட பல்செட் தாங்காது."

அதுவும் மாமனாருக்குக் கேட்டிருக்கிறது.

ஓவனைச் சூடாக்கி வைக்க, இத்தனை மாதங்களில் முதல்முறையாக அவர் நிலைப்படியைத் தாண்டியிருக்கிறார். உள்ளே ஏதாவது இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடுப்பு என்பது பற்றவைக்கும் வரை காலியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

கணவனிடம் சொன்னால் அவர் வீட்டைவிட்டுப் போகவேண்டும். அவரிடமே சொன்னால் நிலைப்படிக்குத் திரும்பிப் போய்விடுவார்.

ஓவனை அணைத்து, கிண்ணத்தையும் வெளியே எடுத்தாள். கெட்டுப்போன மாவையும் துணியையும் குப்பைக்கூடையில் போட்டு, மேலே உருளைக்கிழங்குத் தோலைப் பரப்பினாள். கணவன் குப்பையைக் கிளறித் தரம் பிரித்துத்தான் வெளியே கொண்டுபோவான். அவன் வருவதற்குள் தானே கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடியை எடுத்துப்போய், கண்ணை மூடிப் படுத்திருந்த மாமனாரின் தலைமாட்டில் ஓசைப்படாமல் வைத்தாள்.

பிறகு மறுபடியும் பாலை வெதுவெதுப்பாக்கி, ஈஸ்ட்டைக் கரைத்து, மாவு கையை விட்டுத் தானாகக் கழன்று வரும்வரை பிசைந்தாள். உருட்டி அடுக்கிய தட்டை இம்முறை வெயில் விழும் சன்னல் விளிம்பில் வைத்தாள். அது உப்பும் நேரத்தில் மாடிக்குப் போய் உலர்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு வந்தாள். விரலால் ஓர் உருண்டையை அழுத்தினாள். பள்ளம் அவசரப்படாமல் மேலெழுந்தது. பதம்.

உருண்டைகளின் மேல் பாலைத் தடவிக்கொண்டே கூப்பிட்டாள்: "மாமா, என் கையெல்லாம் பாலா இருக்கு. அந்த ஓவனைக் கொஞ்சம் போட்டு விடறீங்களா?"



செருப்புச் சத்தம் நிலைப்படி வரை வந்து நின்றது. பிறகு உள்ளே வந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஓவன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கையை நீட்டி, காலியாக இருந்த கம்பித்தட்டைக் கடைசி வரை தடவிப் பார்த்தார். அதன் பிறகே கதவை மூடிக் குமிழைத் திருப்பினார்.

முதுமையின் நிதானம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

இரவு, பன்கள் பிட்ட இடத்தில் பஞ்சுபோல் இழை இழையாகப் பிரிந்தன. மாமனாரின் பல்செட் சத்தமே போடவில்லை.

"பரவாயில்லையே," என்றான் கணவன், வாய் நிறைய. "கடையில வாங்கிட்டு வந்து ஏமாத்தலையே?"

"ஓவன் போட்டது மாமா. அதான்."

அவன் கை பாதியில் நின்றது. அப்பாவைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்துக் குப்பைக்கூடையை நோக்கி அவன் நடந்தபோதுதான், குப்பையைக் கொட்ட மறந்தது அவளுக்கு நினைவு வந்தது. 

"குப்பை எங்க போச்சு?"

கூடையில் புதுப் பை இருந்தது. அதன் வாய் விளிம்பைச் சுற்றிச் சுருக்கமில்லாமல் மடிக்கப்பட்டிருந்தது.

"நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்," என்றார் மாமனார். "மருமக துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தா. சும்மா உட்கார்ந்துட்டே இருக்கறதுக்கு, ஒரு நடை நடந்த மாதிரியும் ஆச்சு."

அவள் துணி எடுக்கப் போனது, ஓவனைப் போடச் சொல்லி அவரைக் கூப்பிடுவதற்கு முன்பு; அவர் கம்பித்தட்டைத் தடவிப் பார்ப்பதற்கும் முன்பு.

மகன் கை கழுவப் போகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு ஒரு பன்னைப் பிட்டு, பெரிய பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"இன்னிக்குக் குப்பைப் பை கொஞ்சம் கனமா இருந்துச்சும்மா."