நார்த்தங்காய் கொடுத்தவள்

"பஸ்ஸுலயா பழக்கமாச்சு?" என்று கேட்டான் பகலவன்.

தஞ்சாவூரில் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இருந்த தைரியம், அவன் கேட்ட தோரணையில் எங்கே போனதென்று குணசேகரனுக்குத் தெரியவில்லை. 'பகலவன் சரின்னு சொன்னாத்தான். இல்லன்னா இத்தோட விட்டுடுவோம்' என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இப்போது உள்ளறையில் இருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது.

"ஆமாங்க. பெரு நாட்டுல, கூஸ்கோங்கிற ஊருக்குப் போற பஸ்ஸு. ஆண்டிஸ் மலை ஏற ஏற எனக்கு மூச்சு முட்டி, குமட்டிக்கிட்டு வந்துச்சு. 'முருகா'ன்னு முனகிட்டேன் போல. பக்கத்து சீட்டுலேர்ந்து ஒரு கை நீளுது. பாத்தா உப்பு நார்த்தங்காய். 'வாயில போட்டு அடக்கிக்கங்க'ன்னு தமிழ்ல சொல்றாங்க."

பகலவன் சிரிக்கவில்லை.

"போகவே வேணாம்னுதான் சொன்னேன். பாஷை தெரியாத ஊருக்கு, முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டுத் தனியா எதுக்குன்னு. அது கேக்கல. 'பேங்க்ல நான் சம்பாரிச்ச காசு'ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுச்சு."

பகலவனின் மனைவி குந்தவை காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "அங்க சாப்பாட்டுக்கு என்னங்க பண்ணீங்க?"

"எங்க எறங்கினாலும் அவங்களுக்கு மொதல்ல சந்தையைப் பாத்தாகணும். பிசாக்னு ஒரு ஊரு. உருளைக்கிழங்கையே கறுப்பு, ஊதா, செவப்புன்னு குவிச்சு வச்சிருந்தாங்க. வாங்கிட்டு, அந்தக் கடைக்காரம்மாகிட்ட இவங்க தமிழ்லயே 'கொசுறு போடும்மா'ங்கறாங்க. அதுக்கு என்ன புரிஞ்சுதோ, 'யாப்பா, யாப்பா'ன்னு சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு கிழங்கை அள்ளிப் போட்டுது. விசாரிச்சா, கொசுறுக்கு அங்க யாப்பான்னுதான் பேராம்."

சொல்லும்போதே குணசேகரனுக்கு அந்தச் சந்தை கண்முன் வந்து நின்றது. வண்ணக் கம்பளியில் குழந்தையை முதுகோடு கட்டிய பெண்கள். மக்காச்சோளம் வேகிற வாசனை. அன்று சாயங்காலம் தங்கிய விடுதியின் அடுப்பில் அவள் அந்தக் கிழங்கைப் பொடிமாஸ் செய்தாள். தாளிக்கக் கடுகுகூடக் கையோடு கொண்டு வந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பி ஒரு வருஷமாகியும், தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது.

"அதோட விட்டிருக்கலாமே?" என்றான் பகலவன்.

"முடியலைங்க. அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைப்படுறேன். உங்ககிட்ட முறையா கேக்கத்தான் வந்தேன்."

பகலவன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான்.

"எங்க சனங்க வாய் சும்மா இருக்காது, சார். பெரியப்பா வீட்டுல இந்த வாசப்படியே மிதிக்க மாட்டாங்க. கல்யாணம்னு சொன்னா ஊரே கூடி நின்னு பேசும்."

"தெரியும்ங்க." குணசேகரன் குடிக்காத காபியைத் தள்ளி வைத்தான். "உங்க மனசு நோகணும்னு வரல. நான் கிளம்புறேன்."

"உக்காருங்க."

பகலவனின் குரல் மாறியிருந்தது.

"பெருவுலேர்ந்து வந்த அன்னிக்கு அந்தக் கொசுறு கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. அது அப்படி வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, சார். இந்த வீட்டுல அந்தச் சத்தமே கேட்டதில்ல."

குந்தவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பகலவன் போய் உள்ளறைக் கதவை மெல்லத் தட்டினான்.

"வெளிய வாம்மா. அப்பா செத்த அன்னிக்கு இடுப்புல தூக்கி வச்ச புள்ளைய நீ இன்னும் எறக்கவே இல்ல. எனக்கே முப்பது வயசாச்சு. எறக்கி விட்டுட்டு, சாரைக் கல்யாணம் பண்ணிக்க, அம்மா."