முதல் கையெழுத்து

"உட்காரு ஆக்சிலியா. எல்லாரும் பாக்காங்க."

மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார் இருதயநாதன். அந்தமானின் பாம்பூஃப்ளாட் சமுதாயக் கூடத்தில் இருநூறு பேருக்கு நடுவே அவருடைய மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

"பாக்கட்டும். அதுக்குத்தான எந்திரிச்சிருக்கேன்" என்று தலைப்பைப் பிடுங்கிக்கொண்டாள் ஆக்சிலியா.

விஷயம் இதுதான். ஊரோரத்தில் ஒரு கழிவு ஆயில் யார்டு இருந்தது. போட்டிலும் கப்பலிலும் வடித்த பழைய ஆயிலை டிரம்மில் நிரப்பி மெயின்லேண்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். மூன்று வருஷமாக அவர்கள் அனுப்பியதெல்லாம் பின்னால் இருந்த ஓடைக்குத்தான். இப்போது கேட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, மாலிக், அதாவது யார்டு முதலாளி, யாரென்று ஊரில் ஒருவரும் கண்டதில்லை.

"அந்த ஓடையில நண்டு பிடிச்சுத்தான் சார் எம்பிள்ளைய படிக்க வைக்கேன். ஷீபா, காலக் காட்டுடி. சேத்துல எறங்கின கால் எப்படி வெடிச்சிருக்குன்னு சார் பாக்கட்டும்."

ஷீபா பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டார். தினமும் காலையில் மகளின் காலுக்கு மருந்து போடுகிறவர் அவர்தான். ஆனாலும் அந்தப் புண்ணை ஒரு நாளும் அவர் நேராகப் பார்த்ததில்லை.

பக்கத்து நாற்காலி ஒச்சப்பனுக்கு ஒரே சிரிப்பு. "ஏம்ப்பா இருதயம், பொண்டாட்டி நாலு வார்த்தை பேசுனா இப்படியா வேர்க்கும்? அம்புட்டு வெக்கமா?"

"வெக்கமாத்தாண்ணே இருக்கு" என்றார் இருதயநாதன். அதில் பொய்யே இல்லை.

காலையிலேயே அவர் தடுத்துப் பார்த்திருந்தார். "நான் கவர்மென்ட் ஆளு. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல வேலை பாக்கேன். இந்த மனு, கூட்டமெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று கெஞ்சினார். "உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நீங்களா ஆயில ஊத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் அவள்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி சுரேந்திரன் மனுவைக் கையில் எடுத்தார். "முதல் கையெழுத்து உங்களோடதாம்மா? முன்னாடி ஏதோ சின்னதா கிறுக்கியிருக்கு?"

"கிறுக்கல் இல்ல சார், சிலுவை. சின்ன வயசிலேயே வந்த பழக்கம். ஃப்ரிட்ஜு தவணைக்குன்னு இவுக ஒரு கத்தை பேப்பர நீட்டுனப்பகூட, ஒவ்வொண்ணுலயும் சிலுவை போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காம போடுவேன், சிலுவை இல்லாம போடமாட்டேன்."

கூடம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். இருதயநாதன் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சா, கேட்டுக்குங்க" என்றார் அதிகாரி. "ஆள் ஓடிட்டான், காணோம்ங்கிற கதையெல்லாம் இனி செல்லாது. லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் மாலிக். ஓடையைச் சுத்தம் பண்ற மொத்தச் செலவும் அவங்க தலையிலதான். கட்டலேன்னா வீடு ஜப்தி ஆகும். லைசென்ஸ் ஃபைல் மதிய ஃபெரியில வருது, வந்ததும் பேரை இங்கேயே படிச்சிடறேன்."

ஆக்சிலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக நடந்தவள் அவள்தான். "போதும் சார், இது போதும். வீட்ட மட்டும் எடுத்துட்டு விட்றாதீங்க. உள்ள இருக்க கட்டிலு, ஃப்ரிட்ஜு, எல்லாத்தையும் தூக்கி ரோட்டுல போடுங்க. அழுதாலும் விடாதீங்க, கால்ல விழுந்தாலும் விடாதீங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஷீபாவும் புண்ணை மறந்து எழுந்து நின்று தட்டினாள்.

இருதயநாதன் எழுந்தார். அப்போதே சொல்லிவிடவேண்டும் என்றுதான் எழுந்தார். "சார்..." என்று வாயைத் திறந்தார். "உங்களுக்கும் பேசணுமா? இருங்க, மாலிக் பேரு வரட்டும், ரெண்டு பேருமா சேர்ந்து திட்டுவோம்" என்று தோளை அமுக்கி அவரை உட்கார வைத்தாள் ஆக்சிலியா.

அந்த நேரம் பார்த்து பியூன் ஒரு பழுப்புக் கவரோடு உள்ளே வந்தான். அதிகாரி அதைக் கிழித்து உள்ளேயிருந்த லைசென்ஸ் தாளை விரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

பிறகு மனுவின் முதல் பக்கத்தை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சத்தமா படிங்க சார்!" என்றாள் ஆக்சிலியா.

அதிகாரி படிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி அவளிடம் மட்டும் சொன்னார்:

"மாலிக்கோட கையெழுத்துக்கு முன்னாடியும் ஒரு சிலுவை இருக்கும்மா."