மூணு தட்டு

ஒரு மாச லீவு முடிந்து வந்த சுகந்தி மிஸ், இரண்டாம் வகுப்புக்குக் கோடிங் எடுத்தார்.

“இப்படி நடந்தா இதைச் செய், இல்லேன்னா அதைச் செய். கம்ப்யூட்டருக்கு இப்படித்தான் சொல்லணும். உங்க வீட்டுல நடக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.”

ஜெனிட்டா எழுந்தாள். “கதவ மூணு வாட்டி தட்னா தொறக்கணும். வேற மாதிரி தட்னா நைனா பரண் மேல ஏறிக்கணும், மிஸ்.”

வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை.

“எத்தனை நாளா?”

“நைனா ஓட்ற ட்ரெய்லர் லாரில ஒரு ஸ்கூட்டரு மாட்டிக்கிச்சு. அன்னிலேர்ந்து, ஒரு மாசமா.”

மிஸ் அவள் கையில் ஸ்டார் ஒட்டினார்.

சாயங்காலம் ராயபுரத்தில் அவள் வீட்டுக் கதவில் மூன்று தட்டு விழுந்தது. ஜெனிட்டா ஓடிப்போய்த் திறந்தாள்.

“நைனா, எங்க மிஸ்ஸு வந்துகீறாங்க!”

சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான் லூர்து. மிஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

“இவன்தான் சார். அந்த ஸ்கூட்டர்ல போனது என் வீட்டுக்காரர்.”

லூர்துவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டார் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்தாள் ஜெனிட்டா.

“நான் இன்னா மிஸ் தப்பா சொன்னேன்?”

“எதுவுமே தப்பில்ல கண்ணு. அதான் கரெக்டா வேலை செஞ்சுது.”